வட்டி என்று அச்சடித்த கட்டம்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பேரேடு.
நாள், பெயர், தொகை, நகை எடை, ஜாமீன்,
கடைசியாக ஒரு கட்டம்: வட்டி.
அது இல்லாமல் கிடைக்காதா என்று கேட்டேன்.
கடைக்காரர் சிரிக்கக்கூட இல்லை.
"அது இல்லாம யாருங்க கணக்கு எழுதுறாங்க?"

அதனால் ஒவ்வொரு பக்கமும்
அந்தச் சொல்லின் மேல் சிவப்பு மையால் கோடிழுத்து
ஆரம்பிக்கிறேன்.

குன்னூர் கீழ் பஜார். பள்ளிவாசல் கடைகளுக்கு மேலே
பத்துக்குப் பத்து அறை.
வெள்ளி, ஜும்ஆவுக்கும் அஸருக்கும் நடுவில்
கடன் கேட்பவர்கள் படியேறி வருவார்கள்,
நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு,
குரலையும் அங்கேயே வைத்துவிட்டு.

மைமூன் மட்டும் குரலோடு வந்தாள்.
வர்க்கி போடுகிறவள். அவளுக்கு ஓவன் வேண்டும்,
கோவையில் அறுபதாயிரம்.
"பணமா தர்றதில்லம்மா. நிதி வாங்கி
உனக்கு அறுபத்தாறுக்கு விக்கும்.
மாசம் மூவாயிரம், இருபத்திரண்டு மாசம்."
"மேல இருக்கிற ஆறுக்குப் பேரு என்ன?"
"லாபம்."
"பேங்க்ல வாங்கினா?"
"வட்டி."
"ரூபா நோட்டுக்கு இது தெரியுமா?"

ஹஜ்ரத் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்:
பர்லியாறு வளைவில் வண்டி கவிழ்ந்தால்
நஷ்டம் எங்களுடையது, உன்னுடையதல்ல.
யோசித்தாள்.
"கவிழலையே."
"வண்டியே இன்னும் புறப்படலையேம்மா."
கையெழுத்துப் போட்டாள்.

கேத்தி ஹாலன், படுகர், கேரட் போடுகிறவர்,
மனைவியின் சங்கிலியோடு வந்தார்.
வட்டி கிடையாது என்றதும்
சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
மறுநாள் திரும்பினார்.
"எங்கேயோ கொக்கி இருக்கும்னு
ராத்திரி பூரா தேடினேன்."

நிதியின் பணமும் பேங்கில்தான் தூங்குகிறது.
தூக்கத்தில் வளர்ந்தும்விடுகிறது:
போன மார்ச்சில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
தின்னவும் கூடாது, பேங்குக்கே விட்டுவிடவும் மனமில்லை.
பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஒரு கதவு, இரண்டு குழாய்,
மிச்சத்துக்குப் பிளீச்சிங் பவுடர்.
நன்மையை நாடாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.
அவசரத்துக்கு நான் ஒதுங்கும்போது
கதவு சரியாகச் சாத்திக்கொள்கிறது.
உள்ளே ஒரு சந்தோஷம்.
அது கணக்கில் சேருமோ என்று கூடவே ஒரு பயம்.

நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்தது.
மைமூனின் மூன்றாம் தவணை வரவில்லை.
அபராதம் போட முடியாது, போட்டால் அதன் பேர் வேறு.
பேனா கையில், கோடிழுத்த கட்டம் காலியாக.
சும்மா எழுதினேன்:
ரோடு நாலு நாள் இல்லை. மைதா வரவில்லை.
அதற்குக் கீழே ஹாலன்: கேரட் கிலோ ஒன்பது ரூபாய்.
கீழே கறிக்கடை சிக்கந்தர்: மகளுக்குப் பிரசவம், ஆபரேஷன்.
கீழே ஒருவர்: காரணம் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

டிசம்பரில் இரண்டு தவணை சேர்த்துக் கட்ட வந்தவள்
சூடாக ஒரு பொட்டலம் நீட்டினாள்.
வாங்கக் கூடாது. கடன்பட்டவர் கொடுக்கும் தின்பண்டத்திலும்
வட்டி ஒளிந்திருக்கலாம்.
"காசு வாங்கிக்கோம்மா. எவ்வளவு?"
"நாற்பது."
"கடையில முப்பத்தஞ்சுதானே?"
"படியேறி வந்திருக்கேன்ல. அந்த அஞ்சுக்குப் பேரு லாபம்."

அவள் போன பிறகு
பேரேட்டின் மேல் உதிர்ந்த வர்க்கித் துகளை
உள்ளங்கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.
மேசையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.
ஐந்தாம் தேதி.
என் வீட்டுக் கூரை மவுண்ட் ரோடு பேங்குடையது,
இன்னும் பதினோரு வருடம்.
நிதியால் அவ்வளவு தர முடியாது.
ஜமாஅத்துக்குத் தெரியும்,
தெரியாதது போல் இருக்கிறார்கள்.

தொகை பிடித்தாகிவிட்டது என்கிறது போன்.
நவம்பரில் ரோடு இருந்ததா என்று
அது கேட்டதே இல்லை.